சுவரில் நின்ற குதிரை

சவுத் கரோலினா
10 மார்ச் 1996

பிரியமுள்ள நாச்சியாருக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாலு பக்கமும் குளிரைப் பற்றியே எழுதிவிடுவேன். எர்னஸ்டின் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதும்போதே எங்கேயோ தெரிந்த மாதிரியும் இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

எர்னஸ்டினைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இடது பக்கத்து வீடு. கறுப்பினத்துப் பெண், என் அம்மா வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் ஷீலா நேரே அவர் வீட்டுக்குத்தான் போவாள். நான் கடை வேலை முடிந்து வரும்வரை அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதி, சில நாள் அவர் மடியிலேயே தூங்கிப் போவாள். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போவதும் அவர் கோவிலுக்குத்தான். அதே தெருவில், அதே சபைப் பெயரோடு, வெள்ளைக்காரர்கள் கோவில் ஒன்றும் இருக்கிறது. ஏன் இரண்டு என்று ஷீலா கேட்டாள். நம்ம ஊரில் பிறந்த எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்கவில்லை.

வலது பக்கத்து வீடு ராய். இங்கே காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்கிற மில் ஒன்று இருந்தது, அதில் தறிக்காரர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மில்லை மூடிவிட்டார்கள். ஜனவரியில் எங்கள் வீட்டு ஹீட்டர் நின்றபோது அவர்தான் படுத்துப் புரண்டு சரி பண்ணினார். கூலி கேட்கவில்லை. போன மாதம் தகரம் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டார். நான் ஓடிப் போய், கிளம்பும்போது நீ என் பெட்டியில் திணித்தாயே அந்தக் காஸ் துணிச் சுருள், அதை எடுத்துவந்து கட்டிவிட்டேன். பெருமையாக, "எங்க ஊர்த் துணி, என் சிநேகிதி ஆபீஸில் இருந்து வந்தது" என்றும் சொன்னேன். அவர் கட்டின துணியை மற்றக் கையின் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இருபது வருசம் இதைத்தான் நெய்தேன்" என்றார். அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் ஒரு அட்டை போர்டோடு வந்தார். கீழே கம்பிக் கால். இங்கே தேர்தல் வந்தால் சுவரில் எழுத மாட்டார்கள், வீட்டு முன்னால் புல்தரையில் இப்படிக் குத்தி வைப்பார்கள். எம்.பி. மாதிரி ஒரு பதவிக்கு, பழைய கார் வியாபாரி ஒருவர் நிற்கிறார். "நம்ம வேலை நம்ம ஆளுகளுக்கு" என்று போர்டு. உங்க புல்தரையில் ஒன்று நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கட்டுப்போட்ட கையோடு நின்று கேட்கிறவரிடம் என்ன சொல்ல? சரி என்றேன்.

உங்க அப்பா சுவரைக் கொடுத்த மாதிரிதானே ஏட்டி? முதலில் வந்து சுண்ணாம்பு அடித்து 'ரிசர்வ்' என்று எழுதுகிற கட்சிக்குச் சுவர். உங்க அப்பா ஓட்டுப் போட்டது ஒரு கட்சிக்கு, சுவரில் நின்றது இன்னொரு கட்சி. யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

எங்க வீட்டுக்காரர் பொன்னுராஜ், "நமக்கு ஓட்டே இல்ல, நீ ஏன் இதுல தலையக் குடுக்க" என்கிறார். அவருக்கு வேலை செய்கிற இடத்து மெஷினைத் தவிர எதிலும் தலை கொடுக்கப் பயம்.

உன்
தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஏப்ரல் 1996

அன்புள்ள தங்கபாய்க்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் ஒரு தடவை, ராஜபாளையத்தில் இருந்து வரும் பஸ்ஸில் ஒரு தடவை வாசித்தேன். நீ நட்டிருக்கிற போர்டை நீ வாசித்தாயா என்பதுதான் என் முதல் கேள்வி.

நம்ம ஆளுக என்றால் யார்? நீ இல்லை. எர்னஸ்டின் உண்டா என்று அவர் ராயிடம் போய்க் கேட்டிருக்க மாட்டார். கேட்காமலே தெரிந்துகொள்கிற அளவுக்கு அந்தத் தெருவில் அவருக்கு வயதாகியிருக்கும். உன் புல்தரையில் அது நின்றதைப் பார்த்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசி. லைப்ரரியில் கிடைக்கிற பழைய பத்திரிகைகளை வைத்து உன் நாட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். இல்லைதான். ஆனாலும் இது நாட்டு விஷயமாக எனக்குப் படவில்லை. தெரு விஷயம்.

சுவரும் புல்தரையும் ஒன்றா என்றும் யோசித்தேன். நம்ம ஊரில் சுவர் ஊருடையது மாதிரி. மாட்டுச்சாணம் தட்டுகிறார்கள், சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்கள், அதில் கட்சியும் ஒன்று. நீ நடுவதற்கு இடம் கொடுத்தது உன் வீட்டு வாசலில், உன் சம்மதத்தோடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் ஆபீஸில் போன வாரம் பேக் செய்த காஸ் துணி அட்டைப்பெட்டிகளில் உன் மாகாணத்துத் துறைமுகத்தின் பெயர் இருந்தது. அந்தப் போர்டு நிறுத்தச் சொல்வது இந்தப் பெட்டிகளைத்தான். என்னை எதிர்த்து என் சிநேகிதி வீட்டு வாசலில் ஒரு போர்டு நிற்கிறது என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ராயின் கட்டைவிரல் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒழுங்காகக் கோபப்பட முடியவில்லை.

சத்திரப்பட்டியில் இருந்து துணி நெய்து கொண்டுவரும் சீனியம்மாளிடம் இதைச் சொன்னேன். "அந்த மனுசன் இப்ப என்னத்தச் சாப்பிடுதாராம்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் என்ன அவரு தறியப் பிடுங்கியா வச்சிருக்கேன்? ஓனரு நெய்யச் சொன்னாரு, நெய்தேன்" என்றார். பிறகு போகும்போது வாசலில் நின்று, "அவரு கை ஆறிட்டா?" என்றார்.

போர்டை எடுத்துவிடு. எடுத்துவிட்டு எர்னஸ்டினிடம் போய்ப் பேசு.

உன் அம்மா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து காப்பி குடித்தார்கள். "ஏட்டி நாச்சியா, காப்பியா இது, கழுநீரா?" என்றார்கள். இரண்டு டம்ளர் குடித்தார்கள்.

அன்புடன்,
நாச்சியார்


சவுத் கரோலினா
28 ஏப்ரல் 1996

பிரியமுள்ள நாச்சியாருக்கு,

தெரு விஷயம் என்று எழுதியிருந்தாய். தெருவில் இருப்பது நான். உனக்கு நடுவில் கடல் இருக்கிறது, அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

எர்னஸ்டின் ஷீலாவைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். ஷிப்ட் மாறிவிட்டதாம். மாறவில்லை, சாயங்காலம் அவர் வீட்டு விளக்கு எரிவது எனக்குத் தெரிகிறது. ஷீலா தினமும் அந்த வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். "நான் என்னம்மா பண்ணினேன்" என்கிறாள். நான் கடையில் பாதி நாள் வேலையை விட்டுவிட்டேன். போகட்டும், வேலை போனால் வேறு வேலை. இந்தக் குழந்தை கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?

நீ சொன்ன மாதிரி போர்டை எடுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் ராயும் அவர் மனைவியும், அந்தக் கார் வியாபாரியின் பழைய கார்கள் நிற்கிற மைதானத்தில் கூட்டம் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். ராய் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவர் பேசியதை நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கே அர்த்தம் தெரிகிறது. "மில்லுச் சங்கு ஊதுனா இந்த ஊரே எந்திரிக்கும்மா. இப்ப எவனும் எந்திரிக்கணும்னு இல்ல. டிவில பேசுதவன் எங்களப் பாத்தாச் சிரிக்கான். எங்க பேச்சப் பாத்துச் சிரிக்கான், எங்க சாமியப் பாத்துச் சிரிக்கான். ரெண்டு கட்சிக்காரனும் கோட்டு மாட்டுன ஒரே ஆளுதான். இந்தக் கார் யாவாரி ஒருத்தன்தான் எங்க மாதிரிப் பேசுதான்."

நாச்சியா, அந்த வேட்பாளர் பேசும்போது நான் கை தட்டினேன். மேலே இருக்கிறவன் உங்களை மறந்துவிட்டான் என்றார். அப்பா கடை நொடித்துப் போனபோது ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்காதது எனக்கு நினைவு வந்தது. தட்டினேன். அப்புறம் அவர், வெளியில் இருந்து வந்தவர்கள் என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் இருந்த சில தலைகள் என் பக்கம் திரும்பின. ராய் என் தோளில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவ நம்ம ஆளு" என்றார்.

தலைகள் திரும்பிக்கொண்டன. ஒருத்தர் எனக்கு நாற்காலி போட்டார்.

எனக்கு அந்த நேரம் சந்தோஷமாக இருந்தது. இங்கே வந்ததிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எர்னஸ்டின் சொல்லாமலே அப்படி நடத்தினார், அது வேறு. இதைப் பொன்னுராஜிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். திட்டாமல் பதில் எழுது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 மே 1996

அன்புள்ள தங்கபாய்க்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கேயும் தேர்தல் முடிந்தது. இந்தத் தடவை எலெக்‌ஷன் கமிஷன் கெடுபிடியால் கட்சிக்காரர்கள் யாரும் சுவர் கேட்டு வரவில்லை. எங்க தெருவில் சுவர்கள் எல்லாம் சும்மா கிடந்தன. பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

அண்ணன் ராணுவத்தில் இருந்து வந்துவிட்டான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை. சாயங்காலம் அவனைப் பார்க்க வீட்டுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். நான் சமையல்கட்டில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பேன்.

உன்னை நான் திட்டவில்லை. "இவ நம்ம ஆளு" என்ற இடத்தைத் தாண்டி உன் கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த வார்த்தை இப்போது இங்கேயும் அதிகம் கேட்கிறது. அதைக் கேட்டால் மனசு ஏன் குளிர்கிறது, குளிர்ந்த பிறகு ஏன் பயமாக இருக்கிறது, இரண்டும் ஒரே வார்த்தைக்குத்தானா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

உன் அம்மா சில வாரமாக வரவில்லை. வெயில் கடுமையாக இருக்கிறது. அதனாலாக இருக்கலாம்.

ஷீலாவுக்கு என் முத்தம்.

நாச்சியார்


சவுத் கரோலினா
16 ஜூன் 1996

நாச்சியாருக்கு,

வெயில் என்று எழுதினாயே. அம்மாவிடம் இருந்து கடிதம் வந்தது. அம்மா எழுதியதை அப்படியே எழுதுகிறேன். "நாச்சியா வீட்டுச் செவுத்துல ஒரு பெரிய குதிரை நிக்குது. அவிய சாதிப் பேரவைக் குதிரை. கீழ என்னவோ எழுதியிருக்கு, கண்ணாடி இல்லாம வாசிக்க முடியல, வாசிக்கவும் வேண்டாம். நான் இப்ப பின்தெரு சுத்தித்தான் கோவிலுக்குப் போறேன். செத்த தூரம் கூடுதல், அம்புட்டுதான். நீ வருத்தப்படாத."

வருத்தப்படாதே என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பேரவைக்காரர்கள் அம்மா தெரு வழியாகக் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனதையும், பயந்துபோய்த் தான் உட்பட எல்லாரும் மத்தியானமே கடையை அடைத்ததையும் மாமா போனில் சொன்னார். முட்டி வலிக்கிற கிழவி உன் வீட்டு வாசலைத் தவிர்க்க ஊரைச் சுற்றுகிறாள். நீ வெயில் என்று எழுதுகிறாய்.

போர்டை எடு, போய்ப் பேசு என்று எனக்கு எழுதினவள் நீ. உன் சம்மதத்தோடு உன் வாசலில் என்று எழுதினவளும் நீ. உன் சுவர் யார் சம்மதத்தோடு?

காலேஜில் நாம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நீ யார், நான் யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் நட்பு என்று நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. நமக்குத் தெரிந்தேதான் இருந்தது, இல்லையா?

ஒரே ஒரு லாபம். எர்னஸ்டின் ஏன் பேசவில்லை என்று இப்போது புரிந்துவிட்டது. நீ அவ்வளவு விளக்கி எழுதியும் புரியவில்லை. செத்த தூரம் கூடுதல், அம்புட்டுதான் என்று அம்மா எழுதியதும் புரிந்தது.

அந்தக் கார் வியாபாரி கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜெயித்துவிட்டார். நவம்பர் வரை போர்டு நிற்கும் என்று ராய் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்துவைத்தேன்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஜூலை 1996

தங்கபாய்க்கு,

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சுவர் சும்மா கிடக்கிறது என்று அண்ணனின் சிநேகிதர்கள் சொன்னார்கள். அண்ணன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். படம் வரைகிறவர் காலையிலேயே ஏணியோடு வந்துவிட்டார். நல்ல கை. முதலில் ஒரு கண்ணை வரைந்தார், அப்புறம் அதைச் சுற்றிக் குதிரையைக் கொண்டுவந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இரண்டு தடவை காப்பி போட்டுக் கொடுத்ததும் நான்தான். அப்போது எனக்கு அது வெறும் குதிரை. கீழே சாதிப் பெருமை வாசகம் எழுத ஆரம்பித்த பிறகுதான் உள்ளே போனேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் கேட்டேன்.

"அப்பா காலத்துலயும் சுவரக் குடுத்தோம், கட்சிக்கு. இது வேறல்லா?"

"என்ன வேற?"

"தங்கபாய் அம்மா வருவாக."

"வரட்டும். குதிரை என்ன கடிக்கவா செய்யும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஏ தங்கச்சி, பதினஞ்சு வருசம் பனியில நின்னுட்டு வந்தேன். இப்ப மில்லு கேட்டுல நிக்கேன். உள்ள கார்ல போற பய, நான் சல்யூட் அடிச்சா நிமிந்துகூடப் பாக்க மாட்டான். அவியளுக்கு மில்லு இருக்கு, கடை இருக்கு, அமெரிக்கா இருக்கு. நமக்கு இந்தச் செவுராவது இருக்கட்டும்."

அமெரிக்கா என்று அவன் சொன்னது உன்னை. உனக்கு அங்கே ஹீட்டர் நின்றதையும், நாற்காலி போட்டதற்கு நீ சந்தோஷப்பட்டதையும் அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது உன் ரகசியம். தவிர, சொன்னால் அவனுக்குப் புரியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் ராயும் என் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். பேசி முடித்து, ஒருத்தன் எங்க ஊர்த் தறியை நிறுத்தணும் என்பான், இன்னொருத்தன் உன் மாமா கடையை அடைக்கணும் என்பான். இரண்டு பேர் மேலும் எனக்குப் பாசம்தான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்னொன்று. படம் வந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் பையன்கள் எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார்கள். "அண்ணன் தங்கச்சி, உக்காருங்க" என்கிறார்கள். முதல் நாள் உட்கார்ந்தேன். நீ எழுதினாயே, அதே சந்தோஷம்.

நமக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று எழுதியிருந்தாய். ஆமாம். ஹாஸ்டலில் என் அம்மா வந்த அன்று மட்டும் நீ தனித் தட்டில் சாப்பிட்டாய். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். காப்பியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் பேசுவது மாதிரிப் பேசினார்கள். அதைவிட வெளியே போகச் சொல்லியிருக்கலாம்.

நாச்சியார்


சவுத் கரோலினா
4 ஆகஸ்ட் 1996

நாச்சியா,

தனித் தட்டு உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம். எழுதினதற்குச் சந்தோஷம். சந்தோஷமா என்று தெரியவில்லை, ஆனால் எழுதினாயே.

போர்டுக் கதையைக் கேள். ராயும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இதுதான் சமயம் என்று, விடியும் முன்னால் எழுந்து, நைட்டியோடு போய்ப் பிடுங்கி, கார் ஷெட்டில் பழைய பாய்க்குப் பின்னால் வைத்துவிட்டேன். திருடி மாதிரி இருந்தது. என் புல்தரை, என் கை.

ராய் திரும்பி வந்தார். காலி இடத்தைப் பார்த்தார். "காத்துல போச்சு போல" என்று இன்னொரு போர்டு கொண்டுவந்து நட்டுவிட்டார். போனதைவிடப் பெரியது. இந்தத் தடவை கம்பிக்குப் பதிலாக மரக்கால். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரி. அன்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் எர்னஸ்டின் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. நான் பிடுங்கினேன், ராய் மறுபடி நட்டுவிட்டார் என்று சொன்னேன். எர்னஸ்டின் சொன்னதையும் நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன். "நீ பிடுங்குனதப் பாத்தேன், பிள்ளை. நான் ஷிப்டுக்குக் கிளம்புத நேரம் அது. நட்டது பட்டப்பகல்ல, தெருவே பாக்க. பிடுங்குனது இருட்டுல, அந்த ஆளு ஊர்ல இல்லாதப்ப. இதுல நான் எத நம்ப?"

வீட்டுக்கு வந்து, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, நேரே ராயிடம் போனேன். பகல். அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போர்டு வேண்டாம், ராய். எடுத்துடுங்க."

அவர் தலையால் எர்னஸ்டின் வீட்டைக் காட்டி, "அவ சொன்னாளா?" என்றார்.

"இல்ல. நான் சொல்லுதேன்."

"நான் உன்னைய நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவரே பிடுங்கினார். குழியைக் காலால் மூடி, புல்லை ஒழுங்காக மிதித்துவிட்டுப் போனார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் எனக்குக் கை காட்டுவதில்லை. அடுத்த குளிருக்கு ஹீட்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று பொன்னுராஜ் கேட்கிறார். நியாயமான கேள்வி.

எர்னஸ்டின் இன்னும் ஷீலாவைக் கூப்பிடவில்லை. நேற்று அவர் வீட்டில் கிடந்த ஷீலாவின் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். திருப்பிக் கொடுத்தது நல்லதற்கா, இனி வரவேண்டாம் என்பதற்கா, தெரியவில்லை. குடையில் கிழிந்திருந்த இடத்தைத் தைத்திருக்கிறார். அதனால் இன்னும் குழப்பம்.

உன் சுவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீ இருக்கிற தெரு அது. இங்கே எனக்குப் போனது ஒரு பக்கத்து வீட்டுக்காரர். உனக்கென்றால் போவது அண்ணன்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

அன்புள்ள தங்கபாய்க்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், கை வலிக்கிறது. விரலெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெந்துபோயிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே சுண்ணாம்பு வாங்கிவிட்டேன். பானையில் ஊறவைத்து நாலைந்து நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அண்ணன் நைட் டூட்டிக்குப் போகிற அன்று அடித்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. உன் நைட்டி ஞாபகம் வந்தது. இன்று காலை ஆராதனை முடிகிற நேரம் பார்த்து, வாளியையும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

அண்ணன் வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். வாளியை எட்டி உதைப்பான் என்று நினைத்தேன். உதைக்கவில்லை.

"எல்லாரும் பாக்காகல்லா" என்றான்.

"பாக்கட்டும்."

"நாளைக்குப் பேரவை ஆளுக கேட்டா நான் என்ன சொல்ல?"

"தங்கச்சி அடிச்சான்னு சொல்லு."

"அதச் சொன்னா எனக்கு என்ன மரியாதை?"

மரியாதைக்காகத்தான் அவன் அந்தச் சுவரைக் கொடுத்தான். அதை நான் பட்டப்பகலில், அவன் கண் முன்னால் அழிக்கிறேன். காரில் போகிறவன் நிமிர்ந்து பார்க்காததும் இதுவும் அவனுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். அண்ணே என்று கூப்பிட்டேன். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனான். இப்போது பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் வரவில்லை. சோறு மூடி வைத்திருக்கிறேன்.

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது எதையும் மறைப்பதில்லை. அடிக்க அடிக்கக் குதிரை அப்படியே தெரிந்தது. காய்ந்த பிறகுதான் வெளுக்கும் என்று தெரிந்தும் எனக்குப் பதற்றமாக இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள். எனக்குப் பஸ் ஸ்டாண்டில் இடம் கொடுக்கிற பையன் ஒருத்தனும் நின்றான். "அக்கா, எந்தக் கட்சிக்குச் சுவரு?" என்று யாரோ கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். சிரித்தார்கள். யாருக்கும் இல்லாத சுவர் என்பதை யாரும் நம்பவில்லை. நாளைக்கு இதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

அப்போதுதான் உன் அம்மா வந்தார்கள். பின்தெரு வழியாக இல்லை, இந்தத் தெரு வழியாகவே. யாராவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்று முட்டி அதிகம் வலித்திருக்க வேண்டும். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள். இன்று கண்ணாடி போட்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என்னவாவது சொல்லப் போகிறார்கள் என்று மட்டையைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி நாச்சியா, குதிரைக் காது இன்னும் தெரியுது" என்றார்கள்.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலுக்கு வரவில்லை, காப்பி கேட்கவில்லை. காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒழுங்காக அடி என்பதா? எத்தனை தடவை அடித்தாலும் தெரியும் என்பதா? உனக்குப் புரிந்தால் எழுது. உன் அம்மா, உனக்குத்தான் தெரியும்.

அவர்கள் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிவந்து, ஏறி நின்று அந்தக் காதை இன்னொரு தடவை அடித்தேன்.

அன்புடன்,
நாச்சியார்